கீப்பர் கிழித்த கோடு

1952. கோவையில் ஒரு நூல் மில். மில் கிரிக்கெட் டீமுக்கு ரங்கப்பன் விக்கெட் கீப்பர். ஸ்டம்புக்குப் பின்னால் நின்று பந்து பிடிக்கிற வரைக்கும்தான் அவனுக்கு மில்லில் வேலை.

புது மேனேஜர் ஜகந்நாதராவுக்குத் தான் பெரிய வேகப் பந்து வீச்சாளர் என்று நினைப்பு. கீப்பர் எவ்வளவு தள்ளி நிற்கிறானோ அவ்வளவு வேகம் என்று பார்க்கிறவர்கள் கணக்குப் போடுவார்கள். அன்று முதலாளியும் ஆட்டம் பார்க்க வந்திருந்தார்.

“இருபது தப்படி தள்ளி நில்லு. ஒரு பந்தைப் பிடிக்காம விட்டாலும் திங்கட்கிழமை வேலைக்கு வராதே” என்றார் மேனேஜர்.

“சரிங்க. உங்க வேகம் எனக்குப் புதுசுங்க. ஆட்டத்துக்கு முன்னால சும்மா ஒண்ணு போட்டுக் காட்டுங்க.”

மேனேஜர் பாதி மைதானம் ஓடி வந்து போட்டார். பந்து ஸ்டம்பைத் தாண்டி, இரண்டு தரம் குதித்து, நாலாவது தப்படியில் படுத்துவிட்டது.

ரங்கப்பன் இருபதாவது தப்படியிலிருந்து நடந்து வந்தான். பந்துக்குப் பக்கத்தில் குதிகாலால் ஒரு கோடு கிழித்து அங்கேயே நின்றான்.

“தள்ளி நிற்கச் சொன்னேனே?”

“நான் நின்னேனுங்க. பந்துதான் ஒத்துக்க மாட்டேங்குது.”

முதலாளி கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டார். மேனேஜர் கொஞ்ச நேரம் கோட்டைப் பார்த்தார்.

“நான் இன்னைக்கு ஸ்பின்தான் போடப்போறேன். ஸ்டம்புகிட்ட வந்து நில்லு.”

வந்து நின்றான். அதற்கப்புறம் பதினோரு வருஷம் அங்கேயே நின்றான்.