கண் கலங்காமல் ஒரு கஞ்சி

"அடுப்பு புகையுது, அம்மா."

ஆவுடையப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்து நின்றார். வீராயம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள். கண் இரண்டும் கோவைப்பழமாய்ச் சிவந்திருந்தன.

"புகையா?"

"புகைதான்."

"சரி," என்றுவிட்டு மறுபடி கீரையில் குனிந்துகொண்டாள்.

நான்கு நாளாக இதே பேச்சுதான். கேள்வியும் மாறவில்லை, பதிலும் மாறவில்லை.

மலை உச்சிக்குச் சற்றுக் கீழே, சீகை மரங்களுக்கு நடுவில் ஆறு கல் குடிசைகள். அதுதான் மடம். பெயர்ப்பலகை கிடையாது.

வீராயம்மாவுக்கு வயது நாற்பத்தெட்டு. மலைக்கு வருமுன் சித்தாள் வேலை பார்த்தவள். பதினெட்டு வருடம் செங்கலும் சாந்தும் தலையில் சுமந்தவள்.

ஆவுடையப்பனுக்கு அறுபத்து மூன்று. அரசாங்கத்தில் ஓவர்சியராக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பத்தைந்து வருடம் சித்தாட்களை அதட்டி வேலை வாங்கியவர். அவர்களில் ஒருத்தியின் பெயரும் அவருக்குத் தெரியாது. அவள் குருவாகவும் இவர் சீடராகவும் வந்து வாய்த்ததில் மடத்து ஆட்களுக்குக் கொஞ்சம் வேடிக்கைதான்.

மனைவி செத்துப் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாளே அவர் மலை ஏறிவிட்டார். மகன் சென்னைக்குக் கூப்பிட்டான். போகவில்லை.

சாவு வீட்டில் அவர் கண்ணில் ஒரு சொட்டு நீர் வரவில்லை. ஐஸ் பெட்டிக்கு ஒயர் இழுத்தது, பந்தலுக்கு ஆள் அனுப்பியது, வந்தவர்களுக்குக் காபி சொன்னது எல்லாம் அவர்தான். மைத்துனி எல்லார் காதிலும் விழும்படி சொன்னாள்: "எங்கக்கா ஒரு கல்லோடதான் குடும்பம் நடத்தியிருக்கா."

அந்தச் சொல் உள்ளே தைத்துவிட்டது. நான் கல் இல்லை, பற்று அற்றுப்போய்விட்டது, அவ்வளவுதான் என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தார். சொல்லச் சொல்ல நம்பிக்கை வரவில்லை. ஒரு காவித் துணி கிடைத்துவிட்டால் ஊரும் நம்பும், தானும் நம்பலாம். அதற்குத்தான் வந்தார்.

வந்த அன்றே வீராயம்மாவிடம் காவி கேட்டுவிட்டார்.

"எல்லாம் விட்டாச்சா?" என்றாள் வீராயம்மா.

"விட்டாச்சு."

"அப்ப லேசு. கடைசிக் குடிசையில இருங்க. கண்ணு கலங்காம ஒரு நேரம் கஞ்சி காச்சிக் கொண்டாங்க. அன்னிக்கே காவி தாரேன்."

ஆவுடையப்பனுக்குச் சிரிப்பு வந்தது. தவம் செய்யச் சொல்வாள், மலையைச் சுற்றி வரச் சொல்வாள் என்று நினைத்திருந்தார். கஞ்சிதானே.

கடைசிக் குடிசைக்கு அப்பால் பள்ளம்தான். மத்தியானம் ஆனால் பள்ளத்திலிருந்து மூடுபனி ஏறி வரும். அது வந்துவிட்டால் பக்கத்துக் குடிசைகூடக் கண்ணுக்குத் தெரியாது. பேசுவதற்கு ஆள் கிடையாது. குளிருக்குப் பயந்து ஜன்னல் இடுக்கில் கந்தலைச் செருகினார். கதவுக்கு அடியில் சாக்கைத் திணித்தார். இனி யாரும் எட்டிப் பார்க்கவும் வேண்டாம் என்று இருந்தது.

சுவரோரம் மண்ணடுப்பு. அதன் மேலே செங்கல்லில் கட்டிய புகைபோக்கி. முதல் நாள் விறகு வைத்துப் பற்றவைத்தார். புகை மேலே போகவில்லை. அவர் முகத்துக்கே வந்தது.

"இந்தா, கொஞ்சம் தண்ணி கொண்டா," என்றார், கண்ணைக் கசக்கிக்கொண்டே.

நாற்பத்தொரு வருடப் பழக்கம். மனைவியை அவர் வேறு எப்படியும் கூப்பிட்டதில்லை. சற்று நேரம் கழித்து அவரே எழுந்து தண்ணீர் எடுத்துக்கொண்டார்.

ஐந்தாம் நாள் புகார் சொல்லப் போகவில்லை. நாம் ஓவர்சியர் இல்லையா என்ற நினைப்பு வந்துவிட்டது. பெட்டியிலிருந்து டேப்பையும் தூக்குக்குண்டையும் எடுத்துக்கொண்டு கூரைமேல் ஏறினார்.

ஏறியதும் குறை தெரிந்துவிட்டது. புகைபோக்கியின் வாய் கூரை முகட்டைவிட ஒன்றரை அடி தாழ்ந்திருந்தது. முகட்டைத் தாண்டி வரும் காற்று நேராக அதன் வாயில் விழுந்து புகையைக் கீழே அமுக்கியது. எந்த மடையன் கட்டினான் என்று திட்டிக்கொண்டே இறங்கினார். முகட்டுக்கு மேலே இரண்டடி நிற்கும்படி உயர்த்திக் கட்டினார். ஆறு நாள் ஆயிற்று.

காற்று அடங்கியிருந்தால் பரவாயில்லை என்ற அளவுக்கு வந்தது. ஆனால் கண் எரிச்சல் நிற்கவில்லை.

"புகையா?" என்றாள் வீராயம்மா.

"புகைதான். கொஞ்சம் குறைஞ்சிருக்கு."

அடுத்து அவருக்குப் பெரிய யோசனை ஒன்று உதித்தது. பாதை குறுகல், அதனால்தான் புகை தேங்குகிறது. கட்டியதை எல்லாம் இடித்துப்போட்டு, ஓர் ஆள் தோள் நுழையும் அகலத்துக்குக் கட்டினார். முடித்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தார். சின்ன ஆலைக்கு ஆகும்போல இருந்தது. பெருமையாகவும் இருந்தது.

அடுப்பை மூட்டினார். புகை பாதி தூரம் போயிற்று. அப்புறம் குடையை மறந்துவிட்டுப் போன விருந்தாளிபோலத் திரும்பி வந்தது.

அன்று வீராயம்மாவே வந்தாள். அண்ணாந்து அந்தப் பெரிய புகைபோக்கியைப் பார்த்தாள். ஊதாங்குழலை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

"ஊதுங்க."

ஊதினார். கங்கு சிவந்தது.

வெளியே போய் அடி உடைந்த பானை ஒன்றைப் பொறுக்கிக்கொண்டு வந்தாள். அதையும் கையில் கொடுத்தாள்.

"இதுல ஊதுங்க."

ஆவுடையப்பன் பானையைப் பார்த்தார். பிறகு புகைபோக்கியைப் பார்த்தார். பானையைக் கீழே வைத்துவிட்டுக் கடப்பாரையை எடுத்துக்கொண்டார்.

மூன்றாம் முறை கட்டும்போது முதுகு ஒத்துழைக்கவில்லை. செங்கல்லை எடுத்து வைக்கவும் சாந்து குழைக்கவும் ஒற்றை ஆளாக மாய்ந்தார். இரண்டாம் நாள் தலையில் சும்மாடு கட்டிக்கொண்டு வீராயம்மா வந்து நின்றாள்.

"சித்தாள் வேணுமா, ஓவர்சியரய்யா?"

வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. அவள் சாந்துச் சட்டியைச் சுமந்து வந்தாள். சீக்கிரம் வா என்று அதட்டப் போனவர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

நெடுநேரம் வேலை நடந்தது. மூடுபனி ஏறி வந்து இரண்டு பேரையும் மூடிக்கொண்டது. அவர் எத்தனை வீட்டுக்குப் புகைபோக்கி கட்டியிருக்கிறார் என்று அவள் பேச்சுவாக்கில் கேட்டாள். மலை டிவிஷனில் இருந்தபோது அதிகாரிகளுக்காக ஏழு பங்களா கட்டியதைச் சொன்னார். ஏழிலும் புகைபோக்கி உண்டு என்றார். ஒன்றில்கூடப் புகை திரும்பவில்லை என்றும் சேர்த்துக்கொண்டார்.

"உங்க வீட்டுல?"

அவர் கையில் சாந்துக்கரண்டி நின்றது.

"இல்ல. கேஸ் வர்றதுக்கு முந்தி இருவது வருசம் விறகுதான். ஒரு புகைபோக்கி வச்சுக் கொடுங்கன்னு அவ கேட்டா. பாக்கலாம்னேன்."

"அவங்க என்ன செஞ்சாங்க?"

"என்ன செய்வா. கண்ணு சிவந்துபோயி அடுப்படியில இருந்து வெளிய வருவா. என்னன்னு கேட்டா, புகைதான்னு சொல்லுவா."

வீராயம்மா அடுத்த சட்டிக்குப் போய்விட்டாள்.

ஒரு சாண் அகலத்தில், தூக்குக்குண்டு பிடித்த மாதிரி நேராக, முகட்டுக்கு மேலே இரண்டடி எழும்பிய புகைபோக்கி தயாராயிற்று. எட்டு நாள் காய விட்டார். ஒன்பதாம் நாள் காலை, சாரல் விழுந்துகொண்டிருக்கும்போது அடுப்பை மூட்டினார்.

புகை குபுகுபுவென்று அவர் முகத்துக்கே வந்தது.

ஊதாங்குழலை விட்டெறிந்தார். சாரலில் நனைந்துகொண்டே வீராயம்மாவின் குடிசைக்குப் போனார். உயரம் சரி, அகலம் சரி, எல்லாம் கணக்குப்படிதான் இருக்கிறது, இதற்கு மேல் என்னால் ஆகாது என்று பொரிந்து தள்ளினார். காவி கொடுத்தால் கொடுங்கள், இல்லாவிட்டால் நாளைக்கே மலை இறங்குகிறேன் என்றார். இறங்கி எங்கே போவது என்று அவருக்குத் தெரியாது. சென்னைக்கு மகனிடம் போக முகமில்லை. ஊரில் பூட்டிய வீடு மட்டும்தான் இருந்தது.

வீராயம்மா எழுந்து கூடவே வந்தாள்.

அடுப்பிலிருந்த விறகை வெளியே இழுத்துப் போட்டாள். ஒரு பிடி உலர்ந்த புல்லைப் பற்றவைத்துப் புகைபோக்கியின் அடிவாயில் நீட்டிப் பிடித்தாள். ராத்திரி முழுக்கக் குளிர்ந்து கிடந்த செங்கல் அது. இரண்டு பிடி, மூன்று பிடி புல் எரிந்தது. உள்ளே லேசாக ஓர் இரைச்சல் கேட்டது.

"மொதல்ல அதுக்குக் கொஞ்சம் சூடு காட்டணும்," என்றாள்.

விறகை அடுக்கினாள். பிறகு கதவருகே போய் உட்கார்ந்து, அடியில் திணித்திருந்த சாக்கை உருவினாள். அது கல்போல இறுகியிருந்தது. ஜன்னல் இடுக்கிலிருந்த கந்தலையும் பிடுங்கினாள்.

குளிர்காற்று உள்ளே வந்தது. ஈரமண் வாசனையும் கூடவே வந்தது. எங்கோ யாரோ விறகு பிளக்கும் சத்தமும் கேட்டது. தீ தலையை நிமிர்த்தியது. குடிசையில் இருந்த புகை எல்லாம் வரிசையாக அடுப்பு வழியே மேலே ஏறிப் போயிற்று.

"அதுக்கும் மூச்சு வேணும்ல," என்று சொல்லிவிட்டு வீராயம்மா சாரலில் இறங்கி நடந்துவிட்டாள்.

ஆவுடையப்பன் அரிசியைக் களைந்து உலையில் போட்டார். குடிசையைச் சுற்றிப் பார்த்தார். எதிர்ச் சுவரில் அடித்திருந்த ஆணிகூடத் துல்லியமாகத் தெரிந்தது. புகை என்பது மருந்துக்கும் இல்லை. இன்றைக்குக் காவி நிச்சயம். மைத்துனி முகம் நினைவுக்கு வந்தது. வந்து பார்க்கட்டும் என்று நினைத்துக்கொண்டார்.

கஞ்சி கொதித்தது. அகப்பையால் கிண்டினார்.

புறங்கையில் ஒரு சொட்டு விழுந்தது.

கூரை ஒழுகுகிறது என்று அண்ணாந்து பார்த்தார். தகரம் காய்ந்துதான் இருந்தது. இன்னொரு சொட்டு விழுந்தது.

"புகைதான்," என்றார் சத்தமாக.

சொன்ன பிறகு அடுப்பைப் பார்த்தார். சுத்தமாக எரிந்துகொண்டிருந்தது.

அப்போதுதான் அந்த நாள் நினைவுக்கு வந்தது. மனைவியின் அப்பா இறந்துவிட்டதாகத் தந்தி வந்த நாள். மதகு வேலை கெடுவில் இருக்கிறது, இப்போது எப்படிப் போவது என்று சொல்லிவிட்டு அவர் வேலைக்குக் கிளம்பிப் போயிருந்தார். சாயங்காலம் திரும்பியபோது அவள் அடுப்படியிலிருந்து வெளியே வந்தாள். கண் சிவந்து, இமை தடித்துப்போயிருந்தது. என்ன என்று கேட்டார். புகைதான் என்றாள். சரி என்று கையிலிருந்த பொட்டலத்தைக் கொடுத்தார்.

அது ஓட்டல் இட்லிப் பொட்டலம். இழவுச் செய்தி வந்த வீட்டில் அடுப்பு மூட்டமாட்டார்கள் என்று அவர்தான் வாங்கிக்கொண்டு வந்திருந்தார்.

அன்றைக்கு அந்த வீட்டில் அடுப்பே எரியவில்லை.

எத்தனை நாள் எரியாத அடுப்பில் அவளுக்குப் புகை வந்ததோ, அது அவருக்குத் தெரியாது. கேட்பதற்கு இனி ஆள் இல்லை. வாய்விட்டு அழுதார். சாவு வீட்டில் பதினாறு நாளும் வராத அழுகை எல்லாம் வந்தது. கஞ்சி அடிபிடிக்கும் வாசனை வந்த பிறகுதான் எழுந்தார்.

சட்டியைத் துணியில் சுற்றிக்கொண்டு, அன்றைக்குச் சீக்கிரமே ஏறிவிட்ட மூடுபனிக்குள் நடந்தார். முகத்தைத் துடைத்துக்கொள்ளவில்லை.

வீராயம்மா வாசலில் உட்கார்ந்திருந்தாள். மடித்த காவித் துணி ஒன்று பக்கத்தில் இருந்தது. அவர் கண்ணை நிதானமாகப் பார்த்தாள்.

"புகையா?"

"இல்ல."

சட்டியைக் கீழே வைத்தார். அந்தத் துணியை ஒரு தடவை பார்த்தார்.

"அது வேண்டாம்மா. நான் ஒண்ணையும் விடல."

வீராயம்மா துணியை எடுத்து உள்ளே வைத்துவிட்டு வந்தாள். இரண்டு தட்டு எடுத்து வைத்தாள். அடிபிடித்த கஞ்சியை இரண்டிலும் ஊற்றினாள். நகர்ந்து அவருக்கு இடம் விட்டாள்.

"அவங்க பேரு என்ன?"

ஆவுடையப்பன் வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. நாற்பத்தொரு வருடமாக 'இந்தா' என்று மட்டுமே கூப்பிட்டுப் பழகிய வாய் அது.

மறுபடி திறந்தார்.

"கோமதி," என்றார்.