இரு பக்கத்துக்கும் தேநீர் வார்த்த அங்கயற்கண்ணி அம்மையார்

மானாமதுரையில் ஷேர் ஆட்டோ ஓட்டும் சுந்தரபாண்டியனாரின் மகளாகப் பிறந்து, மதுரையில் சட்டம் பயின்று, பயிற்சிப் பணிக்கென ஜெனீவா நகரம் போய்ச் சேர்ந்தவர் அங்கயற்கண்ணி. வயதில் மிக இளையவர். ஆயினும் அவர் செய்ததை அறிந்தபின் அவரை அம்மையார் என்று அழைக்கவே நமக்கு நா எழுகிறது.

பகைகொண்ட நாடுகளை ஒரே மேசைக்கு அழைத்துவந்து பேசவைக்கும் ஒரு சிறிய நிறுவனத்தில் அவருக்கு இடம் கிடைத்தது. உடன் சேர்ந்த பயிற்சியாளர்கள் தூதர்களின் பின்னால் அமர்ந்து குறிப்பெடுத்தார்கள். அம்மையாருக்கு வாய்த்ததோ, வருபவர்களின் கோட்டுகளை வாங்கி மாட்டுவதும், நாற்காலிகளை ஒழுங்கு செய்வதும், தண்ணீர்க் குவளைகளை நிரப்புவதும்தான். அவர் அதைக் குறையாக எண்ணவில்லை. ஒவ்வொரு நாற்காலியையும் துடைக்கும்போது ஐந்தெழுத்தை ஒருமுறை மனத்துக்குள் சொல்லிக்கொள்வார். எந்த நாற்காலியில் எந்த நாட்டார் அமர்வார் என்பது அவருக்குத் தெரியும். மந்திரத்தில் மட்டும் கூடுதல் குறைவு கிடையாது.

அந்நகரில் ஈழத் தமிழர்கள் ஒரு பழைய கிடங்கின் கீழ்த்தளத்தில் சிவபெருமானுக்குக் கோயில் அமைத்திருந்தார்கள். விடியுமுன் அங்கே போய்த் தரை கூட்டி, பூசைப் பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்த பிறகே அம்மையார் வேலைக்குச் செல்வார். யாராவது ஒருவருக்கு உண்ணவோ குடிக்கவோ கொடுக்காமல் தாம் வாயில் எதையும் இடுவதில்லை என்பது அவர் தமக்கு வைத்துக்கொண்ட விரதம். அவர் நெற்றியில் திருநீற்றைக் கண்ட சக பயிற்சியாளர் ஒருத்தி, தூசி ஒட்டியிருப்பதாகச் சொல்லிக் காகிதக் கைக்குட்டையை நீட்டினாள். மற்றவர்கள் சிரித்தார்கள். அம்மையார் கைக்குட்டையை நன்றி சொல்லி வாங்கி, மேசையில் சிந்தியிருந்த தண்ணீரைத் துடைத்துவிட்டு நகர்ந்தார்.

அந்தக் குளிர்காலத்தில், ஒரு மலைக்காகப் போரிட்ட இரண்டு நாடுகளின் தூதுக்குழுக்கள் வந்திருந்தன. சிறைபிடித்த வீரர்களை இருபுறமும் விடுவிப்பதே பேச்சின் பொருள். பேச்சு நகரவில்லை. ஒரு குழுவின் தலைவர் படைத்தளபதியாக இருந்தவர், கல்லைப்போல் உட்கார்ந்திருந்தார். அப்போது மற்ற நாட்டின் சிறைப்பட்ட வீரர்களுடைய தாய்மார் சிலர், யாரும் அழையாமலே வந்து, பிள்ளைகளின் படங்களை நெஞ்சோடு பிடித்தபடி வாசலுக்கு வெளியே பனியில் நின்றார்கள். அவர்களை உள்ளே விடக் கூடாது என்று உத்தரவு. அம்மையார் அவர்களை உள்ளே விடவில்லை. தேநீரைத் தட்டில் வைத்து வெளியே எடுத்துச் சென்றார்.

சன்னல் வழியே தளபதி அதைப் பார்த்துவிட்டார். நிறுவனம் எதிரிக்கு உபசாரம் செய்கிறது என்று கூறி எழுந்து போய்விட்டார். பேச்சு முறிந்தது.

அங்கே பொறுப்பிலிருந்த அலுவலர் ஜெயரூபன், யாழ்ப்பாணத்துக்காரர். ஈழப் போர்க்காலத்தில் சிறுவனாக வந்து ஜெனீவாவில் வளர்ந்தவர். அவர் அம்மையாரைத் தனியே அழைத்தார்.

"பிள்ளை, நீர் என்ன வேலை பார்த்து வச்சிருக்கிறீர்? இஞ்ச நாங்கள் ஒரு பக்கமும் சாயக் கூடாது எண்டு உமக்குத் தெரியாதோ?"

"சாயலை சார். அந்தப் பக்கத்து அம்மாமாரு வந்து நின்னிருந்தா அவங்களுக்கும்தான் குடுத்திருப்பேன்."

"சரி. பிழை எண்டு ஒரு வரி எழுதித் தாரும். மிச்சத்தை நான் பாக்கிறன்."

அம்மையார், "குளுருல நிக்கிறவங்களுக்கு டீ குடுத்தது தப்புன்னு எப்படி சார் எழுதுறது? சாமி கேக்குமே" என்றார்.

ஜெயரூபனின் முகம் மாறியது. "சாமியோ? என்ர அண்ணனைப் பிடிச்சுக்கொண்டு போன அண்டைக்கு அம்மா விழுந்து கும்பிடாத கோயில் இல்லை. இண்டைக்கும் அவர் திரும்பி வரேல்லை. உம்மட சாமி ஏன் எங்களை ஒண்டும் கேக்கேல்லை, பிள்ளை?"

அம்மையார் நுழைவு அட்டையைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு வெளியேறினார்.

அன்று மாலை கோயிலில் அவர் அழுதார். போன வேலைக்காக அல்ல. தம்மால் பேச்சு முறிந்து, யாரோ ஒரு தாயின் மகன் இன்னும் சிறையில் கிடப்பானே என்று அழுதார். "அவர் கேட்டதுக்கு நீதான்ப்பா பதில் சொல்லணும். எனக்குத் தெரியலையே" என்று சந்நிதியில் சொன்னார். விளக்கு அசையாமல் எரிந்தது. அவர் எழுந்து, வழக்கம்போல் பாத்திரங்களைக் கழுவினார்.

மறுநாள் தளபதியின் குழுவினர் தங்களுக்கும் பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மார் உண்டு என்று உலகுக்குக் காட்டுவதற்காக, அக்கம்பக்கத்து நகரங்களில் இருந்த தம் நாட்டுப் பெண்களை அழைத்துவந்து வாசலின் மறுபுறம் நிறுத்தினார்கள். செய்தி கேட்ட அம்மையார், கோயிலில் அன்னதானத்துக்கு வைத்திருந்த பெரிய எவர்சில்வர் கேன் நிறையத் தேநீர் போட்டு, பேருந்தில் மடிமேல் வைத்துக்கொண்டு போய்ச் சேர்ந்தார். உள்ளே போக அட்டை இல்லை. தெரு எல்லாருக்கும் பொதுவாயிற்றே! இரு கூட்டத்துக்கும் நடுவே கேனை வைத்துக் குவளைகளில் வார்த்து, இருபுறமும் கைகாட்டி அழைத்தார். அவருக்கு அவர்கள் மொழி தெரியாது. அவர்களுக்கு இவர் மொழி தெரியாது.

ஒருவரும் வரவில்லை. எதிரி தொடும் பாத்திரத்தில் யார் முதலில் கைவைப்பது? தேநீரின் ஆவி அடங்கிக்கொண்டு வந்தது.

அப்போது கிழிந்த கோட்டு அணிந்த முதியவர் ஒருவர், சடைபிடித்த தலையில் பனி படிந்திருக்க, பெண்களுக்கு நடுவிலிருந்து வந்தார். ஒரு குவளையை எடுத்து நின்றவாறே குடித்தார். குவளையை மீண்டும் நீட்டினார்.

"இன்னுங் கொஞ்சம் ஊத்து தாயி. தொண்டைக்கு இதமா இருக்கு."

அம்மையார் வார்த்தார். முதியவர் அதையும் குடித்துவிட்டுத் தெருமுனைப் பக்கம் நடந்தார். அவரைப் பார்த்ததும் ஒரு புறத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். மறுபுறத்திலிருந்து இன்னொருத்தி வந்தாள். பிறகு எல்லாரும் வந்தார்கள். குவளைகள் போதாமல், ஒருத்தி குடித்ததை மற்றவள் வாங்கிக்கொண்டாள். படங்களைத் திருப்பி ஒருவர் மகனை ஒருவருக்குக் காட்டினார்கள். யாரோ ஒருத்தி விம்மினாள், பக்கத்தில் நின்றவள் அவள் தோளைப் பற்றிக்கொண்டாள். அவள் எந்த நாட்டுக்காரி என்று பார்த்துச் சொல்ல முடியவில்லை.

தளபதி படியிறங்கி வந்தார். நெடுநேரம் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு உள்ளே போய்ப் பேச்சு மேசையில் மீண்டும் அமர்ந்தார். அன்று மாலைக்குள், காயம்பட்டவர்களை முதலிலும் மற்றவர்களைப் பின்னரும் விடுவிக்க இரு நாடும் இசைந்தன.

சன்னல் வழியே எல்லாம் பார்த்திருந்த ஜெயரூபன், தாய்மார் கலையுமுன் வெளியே வந்தார். இரு கூட்டத்தாரின் மொழியும் அவருக்குத் தெரியும். முதலில் குடித்த அந்த முதியவர் யார் என்று ஒரு புறத்தாரைக் கேட்டார். "அவர்கள் ஆள். எதிரியே குடித்துவிட்டார், நாம் தயங்குவதா என்றுதான் வந்தோம்" என்றார்கள். மறுபுறத்தாரைக் கேட்டார். அவர்களும் அதையே சொன்னார்கள்.

அவர் அம்மையாரிடம் வந்தார். "அந்தக் கிழவர் ஆர், பிள்ளை? உம்மோட ஏதோ கதைச்சவர். என்ன பாஷை அது?"

"இன்னுங் கொஞ்சம் ஊத்துன்னு கேட்டாரு சார்..." என்று சொல்லத் தொடங்கிய அம்மையாரின் கை அப்படியே நின்றது. தம் மானாமதுரைப் பேச்சு அல்லவா அது! நிமிர்ந்து தெருமுனையைப் பார்த்தார். பனி பெய்துகொண்டிருந்தது. தெருவில் ஒருவரும் இல்லை. அவர் அங்கேயே மண்டியிட்டுத் தரையில் நெற்றி பட வணங்கினார்.

ஜெயரூபன் கைகூப்பவில்லை, அண்ணனைப் பற்றி அவர் கேட்ட கேள்விக்கும் விடை வரவில்லை. எனினும் அம்மையார் எழும்வரை அருகிலேயே தலை தாழ்த்தி நின்றார். பிறகு கேனின் ஒரு காதைத் தாம் பிடித்துக்கொண்டு கோயில்வரை உடன் நடந்தார்.

யார் பக்கமும் சாயாத தம் கையால், எப்பக்கமும் தானே ஆனவனுக்குத் தேநீர் வார்த்துத் தந்த அங்கயற்கண்ணி அம்மையாரின் அன்பை எண்ணி வணங்குவோம்.