சாசனத்தில் இல்லாத ஞாயிறு

சிவகாமவல்லி அம்மையார் சட்டமும் வாதமும் கற்றுத்தந்த குருகுலத்துக்கு ஒரு சாசனம் தேவைப்பட்டது. எழுதியவன் சீடன் நன்னன். முதல் விதியை அவனே எழுந்து நின்று வாசித்தான்.

"இங்கே எல்லோரும் சமம். யாருடைய வழக்கத்துக்காகவும் எந்த நாளும் மாற்றப்படாது."

"பிரமாதம்" என்றார் குரு.

உடன் படிக்கும் எஸ்தர் துள்ளி எழுந்தாள். அவள் சபைக்குச் சனிக்கிழமைதான் ஓய்வு நாள். அன்று பொழுது சாயும்வரை படிப்பு, போட்டி எதையும் தொட மாட்டாள். வாதப் போட்டியின் இறுதிச் சுற்றோ சனிக்கிழமை காலை. மோத வேண்டியவர்கள் அவளும் நன்னனும். வென்றவர் தலைநகர் மேடைக்குப் போகலாம்.

"அம்மா, என்னோடு வாதாடி ஜெயிக்க இவனுக்குப் பயம். காலண்டரை வைத்து ஜெயிக்கப் பார்க்கிறான்!"

எல்லோரும் சிரித்தார்கள். நன்னனுக்குக் காது சிவந்தது.

"உனக்கு ஒரு நாளை விட்டால் நாளைக்கு ஆளுக்கொரு நாள் கேட்பார்கள். சட்டம் என்றால் சட்டம்தான்."

"நியாயம். யாருடைய வழக்கத்தையும் பார்க்க வேண்டாம்" என்றார் குரு. "போட்டி ஞாயிற்றுக்கிழமை. காலை ஆறு மணி."

"ஞாயிறா!" நன்னன் பதறினான். "ஞாயிற்றுக்கிழமை யாராவது போட்டி வைப்பார்களா, அம்மா? துணி துவைக்கணும். மத்தியானம் பிரியாணி வேறு. அன்றைக்கு லீவு!"

"யாருக்கு?"

"எல்லோருக்கும்தான்."

"யார் விட்டது?"

"வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே அப்படித்தானே."

"அவன் எதற்கு விட்டான்?"

நன்னன் கொஞ்சம் யோசித்தான். "சர்ச்சுக்குப் போக."

"நீ போகிறாயா?"

"நான் தூங்குவேன்."

குருவுக்கே சிரிப்பு அடங்கவில்லை. எஸ்தர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். கடைசியில் நன்னனும் சிரித்துவிட்டான்.

"சரி அம்மா, தோற்றேன். போட்டியைச் சனிக்கிழமை விளக்கு வைத்தபிறகு வைத்துக்கொள்வோம். சாசனத்தின் கடைசியில், எஸ்தருக்குச் சனிக்கிழமை சலுகை என்று ஒரு வரியும் சேர்த்துவிடுகிறேன்."

"சேர். உன் ஞாயிற்றுக்கிழமை எந்த வரியில் இருக்கிறது?"

அவன் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை புரட்டினான்.

"எங்கேயும் எழுதவில்லையே, அம்மா. எழுதாமலே நடக்கிறதே."

குரு பேனாவின் மூடியைக் கழற்றி அவனிடம் நீட்டினார்.

"முதலில் அதை எழுது. அதற்கு என்ன பெயர் வைக்கிறாயோ, அவளுடையதற்கும் அதே பெயரை வை."