வரைபடத்தில் ஒரு பூங்கா

மாநகராட்சி இணையதளத்தின்படி அந்தத் தெருவில் ஒரு பூங்கா இருந்தது. தெருவில் இருந்ததோ பூட்டிய கேட்டும், உள்ளே கவுன்சிலர் தணிகாசலத்தின் கார்களும்தான். மகள் ஓடி விளையாட அது திறக்காதா என்று ஏங்கினாள் இஸ்திரி வண்டி சகாயமேரி. மகள் வளர்ந்து திருப்பூருக்கு வேலைக்கே போய்விட்டாள். ஏக்கம் மட்டும் போகவில்லை.

ஊர் வரைபடத்தைச் சரிபார்க்க ஞாயிறுதோறும் கூடும் தன்னார்வலர்களோடு சேர்ந்து, மாநகராட்சி வெளியிட்ட விவரத்தை அப்படியே கைபேசி வரைபடத்தில் ஏற்றினாள். அடுத்த வாரமே பந்தும் பாயுமாகக் குடும்பங்கள் கேட் முன்னால் வந்து நின்றன.

தணிகாசலம் பாய்ந்து வந்தார். "இப்பவே அதை அழி. இல்லேன்னா உன் வண்டி இங்க நிக்காது."

"அழிச்சிடலாம் தலைவரே. இங்க பூங்கா இல்லைன்னு இவங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுங்க. தினமும் செடிக்குத் தண்ணி ஊத்துறதா அதே இணையதளத்துல போட்டிருக்கு. அது எந்தச் செடின்னும் சொல்லிட்டா, அதையும் அழிச்சிடுவோம்."

"காரைக் கழுவியிருப்பாங்கம்மா," என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

சிரிப்பு அடங்குவதற்குள் தணிகாசலம் டிரைவரிடம் கேட் சாவியை நீட்டினார்.

கார்கள் வெளியேறின. யார் யாருடைய பிள்ளைகளோ உள்ளே ஓடினார்கள். சகாயமேரி மகளுக்குப் போன் போட்டாள். போனை அந்தக் கூச்சலின் பக்கம் நீட்டிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.