கிளட்ச்சில் வைத்த கால்

பொள்ளாச்சி மில் முதலாளி தெய்வசிகாமணியிடம் தாத்தா காலத்துக் கார் ஒன்று இருந்தது. அதை ஓட்டுவதில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்று அவருக்கு நினைப்பு. கிளட்ச் பிளேட் மட்டும் நாலு மாதத்துக்கு ஒன்று தேய்ந்தது.

மூன்றாவது தடவை தேய்ந்ததும் மெக்கானிக் நாச்சிமுத்துவை வீட்டு ஷெட்டுக்கே வரவழைத்து, சம்பந்தி வீட்டார் முன்னால் எகிறினார்.

"போலி பிளேட்டா போடறே? இனி ஒண்ணு தேய்ஞ்சுது, உன் ஒர்க்‌ஷாப்பை இழுத்து மூடிருவேன்!"

"கிளட்ச் மேலயே காலை வெச்சு ஓட்டினா எந்த பிளேட்டும் தேயுமுங்க."

"நானா? கியர் மாத்தறப்பத் தவிர என் கால் அதுல படவே படாதுடா!"

"சரிங்க முதலாளி."

ரெண்டு நாள் காருக்கடியில் கிடந்து, கியர்பாக்ஸை இறக்கிப் புது பிளேட் போட்டான் நாச்சிமுத்து. கூடவே ஹாரன் ஒயரையும் கிளட்ச் பெடலோடு இணைத்தான்.

"இனி கிளட்ச்சுல கால் பட்டா ஹாரன் அடிக்குமுங்க. உங்களுக்கென்ன, கியர் மாத்தறப்ப மட்டுந்தானுங்களே?"

சம்பந்தி பார்த்துக்கொண்டிருந்தார். முதலாளியால் மறுக்க முடியவில்லை. "அடிக்கட்டும்டா!" என்று சக்கரத்தடியில் வைத்த எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு, சம்பந்தியோடு கோயிலுக்குக் கிளம்பினார்.

வீட்டு வாசலில் அலற ஆரம்பித்த ஹாரன் கோயில் வாசல்வரை ஓயவில்லை. சந்தையில் மாடுகள் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடின. மந்திரி வருகிறார் என்று போலீஸ்காரர் சல்யூட் அடித்தார். சம்பந்தி காதைப் பொத்திக்கொண்டு டவுன் பஸ்ஸில் திரும்பினார்.

வியர்க்க விறுவிறுக்க ஷெட்டுக்குள் காரைக் கொண்டுவந்து நிறுத்திய முதலாளி, இறங்காமலே கத்தினார். "இந்தச் சனியனைக் கழட்டுடா!"

ஹாரன் இன்னும் அலறிக்கொண்டிருந்தது. நாச்சிமுத்து குனிந்து பெடலைப் பார்த்தான்.

"எதுக்குங்க கழட்டறது? காலை எடுங்க முதலாளி, அதுவே வாயை மூடிக்கும்."