பிஸ்கட் டப்பாவில் ஒரு பயம்

முதலில் ஒரு விடுகதை. வாயில் ஆயிரக்கணக்கில் பல் உண்டு, கடிக்கத் தெரியாது. முதுகு முழுக்க நட்சத்திரம் உண்டு, வானத்தில் இல்லை. பஸ் நீளத்துக்கு உடம்பு உண்டு, சத்தமே போடாது. அது எது?

திமிங்கலச் சுறா. பெயரில் திமிங்கலம் இருந்தாலும் அது மீன்தான். மீன்களிலேயே பெரிய மீன். பவளத்திட்டுகளின் ஓரமாக வாயைத் திறந்துகொண்டு மெதுவாகப் போகும். வாய்க்குள் வருகிற பொடிப்பொடி உயிர்களைத் தின்னும். அவ்வளவுதான் அதன் வேலை.

ஒரு துறைமுக ஊரில் ஜெசிந்தா என்று ஒரு பெண் இருந்தாள். வயது பத்து. அவளும் அவள் அம்மாவும் அண்ணன் ரோவனும் அந்த மீனோடு நீந்துவதற்காகத் தெற்கே ஒரு பவளத் தீவுக்குப் போக ஏற்பாடு செய்துகொண்டிருந்தார்கள். ரோவன் இதற்காக எட்டு வயதிலிருந்து காத்திருந்தான். இப்போது அவனுக்குப் பதினான்கு.

பயணத்துக்கு வேண்டிய சாமான்கள் எல்லாம் ஜெசிந்தாவின் கட்டிலில் பரப்பிக் கிடந்தன. ஒரு நீச்சல் கண்ணாடி. ஒரு மூச்சுக்குழாய். வாத்துக்கால் மாதிரி அகன்ற ஒரு ஜோடி ரப்பர் துடுப்புக் காலணி. தண்ணீருக்குள் படம் எடுக்கிற கேமரா, அது மாமாவிடம் இரவல் வாங்கியது. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு படிவம்.

படிவம் தீவிலிருந்த படகுக்காரர்கள் அனுப்பியது. பெயர், வயது, உயரம், கால் அளவு எல்லாவற்றையும் அம்மாவே நிரப்பிவிட்டாள். கடைசிக் கேள்வியை மட்டும் விட்டுவைத்திருந்தாள். 'தண்ணீரில் பயம் உண்டா?' என்று அது கேட்டது. பக்கத்தில் இரண்டு கட்டங்கள். உண்டு, இல்லை. அதை ஜெசிந்தாவேதான் நிரப்ப வேண்டும், பிள்ளைகள் கையாலேயே நிரப்பினால்தான் செல்லும் என்று படிவத்தில் போட்டிருந்தது. நாலு மணிக்குத் தபாலில் சேர்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டு அம்மா துணி காயப்போட மாடிக்குப் போனாள்.

ரோவன் கதவில் சாய்ந்துகொண்டு நின்றான்.

"ஏளா, இல்லைன்னு போட்டுரு. உண்டுன்னு போட்டா குடும்பத்தோட வேண்டாம்னுருவாங்க. போனா எல்லாரும், இல்லாட்டி யாருமில்ல. அவங்க சட்டம் அப்படி."

"உனக்கு யார் சொன்னா?"

"பின்ன எதுக்குக் கேக்காங்க? உன் பயத்துக்கு மாலை போடவா?"

ஜெசிந்தா படிவத்தைத் திருப்பிப் பார்த்தாள். அவளிடம் ஒரு பயம் இருந்தது. நீச்சல் குளத்தில் ஒருநாள் ஆழமான பக்கம் போய், கால் தரைக்கு எட்டாமல் போனபோது வந்தது. எலுமிச்சம்பழ அளவு இருக்கும். ஈரத் துணியைச் சுருட்டி வைத்த மாதிரி சில்லென்று இருக்கும். பள்ளிக்கூட ஷூவின் இடது கால் அதற்கு வீடு. அவள் நன்றாக நீந்துவாள் என்பதால் அப்படி ஒன்று வீட்டில் இருப்பது அம்மாவுக்குக்கூடத் தெரியாது.

ரோவன் போனதும் அவள் சாமான்களுக்கு நடுவே ஓரமாகப் படுத்துக்கொண்டாள். மத்தியான வெயில் ஜன்னல் வழியாக வந்து விரிப்பில் கிடந்தது. விரிப்பு நீல நிறம். மின்விசிறிக் காற்றில் அது மெல்ல மெல்ல அலைந்தது.

"தூங்கிட்டாளா?" என்று கேட்டது கண்ணாடி.

"பாதி," என்றது மூச்சுக்குழாய். மூச்சை வைத்தே அதற்குத் தெரியும்.

சாமான்கள் கூட்டம் போட்டன. நீச்சல் கண்ணாடி கடையில் மூன்று வருஷம் தொங்கியிருந்தது. ஒரு சொட்டுத் தண்ணீர்கூட அதன்மேல் பட்டதில்லை. துடுப்புக் காலணிகள் இரண்டும் தாங்கள் அட்டைப் பெட்டிக்குள் முதுகோடு முதுகாகக் கிடந்த கதையை ஆளுக்குப் பாதியாகச் சொல்லின. இந்தப் பயணம் நின்றால் எல்லோருக்கும் மறுபடி பெட்டிதான்.

"ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது," என்றது படிவம். அது எப்போதும் அலுவலகத்தில் பேசுகிற மாதிரியேதான் பேசும். "பயம் உண்டா என்று கேட்டிருக்கிறோம்."

"இருக்கறதைத் தூக்கி எங்கேயாவது போட்டுட்டா, இல்லைன்னு எழுதலாம்ல?" என்றது இடது காலணி.

"அது பொய்யும் இல்ல," என்றது வலது.

எல்லோருக்கும் அது பிடித்துப்போனது. இரண்டு காலணிகளும் தட்டுத் தட்டென்று இறங்கிப்போய் ஷூவிலிருந்து பயத்தைத் தள்ளிக்கொண்டு வந்தன. பயம் சண்டை போடவில்லை. மேஜைக்கு அடியில் இருந்த தகர பிஸ்கட் டப்பாவுக்குள் அதை இறக்கி, மேலே மூடியைப் போட்டு அழுத்தினார்கள். மூடுவதற்கு முன்னால் அது ஒன்று மட்டும் சொன்னது. டப்பாவுக்குள் அடைத்தால் நான் வளர்ந்துவிடுவேன் என்று. வளரட்டும், டப்பாதான் பெரிசா இருக்கே என்றது கேமரா.

பிறகு காலணிகள் ஜெசிந்தாவின் கால்களில் ஏறிக்கொண்டன. கண்ணாடி முகத்தில் ஏறிக்கொண்டது. நீல விரிப்பு அலைந்துகொண்டே இருந்தது. ஒரு அலைக்கும் அடுத்த அலைக்கும் நடுவில் அவள் கடலில் இருந்தாள்.

அப்படி ஒரு கடலை அவள் பார்த்ததில்லை. வெயில் கயிறு கயிறாகத் தண்ணீருக்குள் இறங்கியிருந்தது. அடியில் பவளங்கள், சில காலிஃபிளவர் மாதிரி, சில மான் கொம்பு மாதிரி. மஞ்சள் மீன்கள் பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகளைப் போலக் கும்பலாகப் போயின. அவளுக்கு எதுவும் கனக்கவில்லை. கால் தரைக்கு எட்டாததைப் பற்றி நினைக்கக்கூட இல்லை.

பவளத்திட்டின் விளிம்பில் தண்ணீர் சட்டென்று கருநீலமானது. அந்தக் கருநீலத்திலிருந்து நட்சத்திரங்கள் வந்தன. முதலில் நாலைந்து, பிறகு எண்ண முடியாத அளவு. நட்சத்திரங்களுக்குப் பின்னால் மீன் வந்தது.

அது அவளைப் பார்த்தது. கண் ஒரு கோலிக்குண்டு அளவுதான். அவசரமில்லாமல் பார்த்தது.

படிவத்தின் பின்பக்கத்தில் அச்சடித்திருந்த விதி எல்லோருக்கும் மனப்பாடம். இரண்டு ஆள் நீளம் தள்ளி இருக்க வேண்டும், தொடக் கூடாது.

"இன்னும் கொஞ்சம் கிட்ட," என்றது கேமரா.

அதன்மேல் குற்றமில்லை. அதற்கு அகலமான கண். நிறையப் பார்க்கும், ஆனால் எல்லாவற்றையும் சின்னதாகவும் தூரமாகவும் பார்க்கும். கிட்டப் போன பிறகும் அதற்கு மீன் தூரத்திலேயே இருந்தது.

"இன்னும் கொஞ்சம்."

காலணிகள் ஓர் உதை உதைத்தன. மீன் சுவர் மாதிரி பக்கத்தில் வந்தது.

"போதும்னு நினைக்கேன்," என்றது கண்ணாடி. "யாராவது நிறுத்துங்க."

நிறுத்துவதற்கு யாரும் இல்லை. பார்ப்பது கண்ணாடியின் வேலை. மூச்சு கொடுப்பது குழாயின் வேலை. எங்களுக்கு முன்னால் போகத்தான் தெரியும் என்று காலணிகள் சொல்லிக்கொண்டே இன்னும் ஓர் உதை உதைத்தன. ஜெசிந்தாவின் கை தானாக நீண்டது.

தோல் உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பாக இருந்தது. ஒரு நொடிதான். அந்த இடத்திலிருந்து வால் வரைக்கும் நட்சத்திரங்கள் எல்லாம் ஒரு தரம் நடுங்கின. பிறகு மீன் தலையைத் தாழ்த்தி, ஒரு வீடு படியிறங்கிப் போகிற மாதிரி, கீழே கீழே இறங்கிப் போனது. கடைசி நட்சத்திரமும் அணைந்தது.

மேலே ஏதோ தண்ணீரில் விழுகிற சத்தம். அம்மாவும் ரோவனும் அப்போதுதான் படகிலிருந்து குதித்திருந்தார்கள். ரோவன் இந்தப் பக்கம் பார்த்தான், அந்தப் பக்கம் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான்.

"எங்க, ஜெசி?" என்று கேட்டான். "எங்க அது?"

அவள் எழுந்து உட்கார்ந்தாள். விரிப்பு விரிப்பாகத்தான் இருந்தது. கால்களில் காலணிகள் இருந்தன, ஆனால் அவை ஒன்றும் பேசவில்லை. கடிகாரத்தில் மூன்று நாற்பது. மேஜைக்கு அடியில் பிஸ்கட் டப்பாவின் மூடி உப்பிப்போய் நின்றது.

அவள் காலணிகளைக் கழற்றிவிட்டுப் போய் டப்பாவைத் திறந்தாள். உள்ளே பயம் டப்பா முழுக்க நிறைந்து, மூலைகளில் சதுரமாகப் பிதுங்கிக்கொண்டு இருந்தது. காற்று பட்டதும் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கியது. பழைய அளவுக்கு வரும்வரை அவள் குந்தியிருந்து பார்த்தாள்.

"உன்னைக் கூட்டிட்டுப் போனா நீ என்ன செய்வ?" என்று கேட்டாள்.

"இவ்வளவு போதும்னு சொல்லுவேன். எனக்கு அது ஒண்ணுதான் சொல்லத் தெரியும்."

"எப்போ சொல்லுவ? மீன் பக்கத்துல போனதுக்கு அப்புறமா?"

பயம் டப்பாவிலிருந்து அவள் கைக்குள் ஏறி வந்தது. பொய் சொல்ல அதற்கு வராது. "படகில ஏறும்போதே சொன்னாலும் சொல்லுவேன்," என்றது. "ஏணியில கால் வைக்கும்போது சொல்லுவேன். அங்க பூராவும் உன்கூட இருப்பேன், சொல்லிக்கிட்டே இருப்பேன். எல்லாத்தையும் நீ கேக்கணும்னு இல்ல."

"எதைக் கேக்கணும்?"

"அது எனக்குத் தெரியாது."

கட்டிலிலிருந்து கேமரா கனைத்துக்கொண்டு, இந்த மாதிரி ஆளை நம்பி யாராவது கடலுக்குப் போவார்களா என்று பொதுவாகக் கேட்டது. தான் மாமாவோடு ஏழு கடற்கரை பார்த்த கதையைச் சொல்ல ஆரம்பித்தது. கண்ணாடி அதை நிறுத்தச் சொன்னது. ஒரு சொட்டுத் தண்ணீர்கூட மேலே படாமல் திரும்பிப் பெட்டிக்குப் போனாலும் போகிறேன், அந்தக் கடைசி நட்சத்திரம் அணைந்ததை இன்னொரு தரம் பார்க்க மாட்டேன் என்றது. காலணிகளில் இடது ஒன்று சொன்னது, வலது வேறொன்று சொன்னது. முதல் தடவையாக இரண்டும் ஒத்துப்போகவில்லை.

ஜெசிந்தா படிவத்தைக் கையில் எடுத்தாள்.

"உண்டுன்னு போட்டா கூட்டிட்டுப் போக மாட்டீங்களா?"

"கேட்பதற்கு மட்டும்தான் என்னை அச்சடித்தார்கள்," என்றது படிவம். "பதிலை வைத்துக்கொண்டு அவர்கள் என்ன செய்வார்கள் என்று என்னிடம் போடவில்லை."

"வேற யாருக்குத் தெரியும்?"

"இங்கே இருப்பவர்களில் யாருக்கும் தெரியாது."

மாடியில் அம்மா வாளியை வைக்கிற சத்தம் கேட்டது. வாசலில் ரோவன் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டே, தீவில் போய் முதலில் குதிக்கப்போவது தான்தான் என்று பக்கத்து வீட்டுப் பையனிடம் சொல்லிக்கொண்டிருந்தான். நீ கடைசி ஆள், உங்க தங்கச்சிதான் உன்னைவிட வேகமா நீந்துவா என்று அந்தப் பையன் கேலி செய்தான். நீந்தட்டும், அவளும் வருவாள்ல, அவளுக்கென்ன பயம் என்றான் ரோவன்.

அது ஜெசிந்தாவின் காதில் விழுந்தது. அவள் வாசல் பக்கம் ஒரு தரம் பார்த்தாள். கைக்குள் பயம் சில்லென்று இருந்தது. அதை மடியில் வைத்துக்கொண்டு, மேஜையிலிருந்து பேனாவை எடுத்தாள்.

'உண்டு' என்ற கட்டத்தில் ஜெசிந்தா டிக் போட்டாள்.