ஏரிமங்கலத்துப் பொன்குடம்

முன்னொரு காலத்தில், மலையடிவாரத்தில் ஏரிமங்கலம் என்று ஒரு பட்டணம். அதைச் சிங்கமாறன் என்று ஒரு ராஜா ஆண்டான். ஆண்டான் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். காலையில் அவனுக்கு ஒன்று தோன்றும், மத்தியானம் வேறொன்று தோன்றும். நடுவில் ஊர் படும் பாடு இருக்கிறதே, அப்பப்பா!

அந்த வருஷம் அவனுக்குப் புதையல் கிறுக்கு. அரண்மனைச் சுவரில் அவன் கொள்ளுத்தாத்தா வெட்டிவைத்த கல் ஒன்று உண்டு. "ஊருக்குப் பொதுவான இடத்தில் பொன்குடம் புதைத்தேன். ஆயிரம் பேர் தோண்டினாலும் அகப்படாது. என் வம்சத்து அரசன் தலையில் சுமந்தால் அகப்படும்" என்று அதில் இருக்கும். எதைச் சுமப்பது, எங்கே சுமப்பது, ஒன்றும் கிடையாது. அவன் தாத்தாவும் அப்பாவும் அதைப் படித்துவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார்கள். இவன் மட்டும் கடப்பாரை கொண்டுவரச் சொன்னான்.

"சுமப்பது கிரீடம்தானே? அது என் தலையில்தானே இருக்கிறது!" என்று கடைத்தெருவைத் தோண்டினான். சந்தைத் திடலைத் தோண்டினான். சத்திரத்து வாசலைத் தோண்டினான். ஜவுளிக்காரர் மூட்டையோடு குழிக்குள் போனார். நியாயாதிபதி பல்லக்கோடு போனார். குடம் மட்டும் வரவில்லை.

மிச்சமிருந்த பொது இடம் ஏரிக்கரை ஒன்றுதான்.

"அதையும் வெட்டிப் பார்த்துவிடலாம், மகாராஜா" என்றார் உத்தண்டராயர். முதலமைச்சர் அம்பலவாணர் எது சொன்னாலும் மறுத்துப் பேசுவதுதான் சபையில் இவருடைய உத்தியோகம். அந்த முதலமைச்சர் பதவிமேல் இவருக்கு அத்தனை கண்.

அம்பலவாணர் ஏரிப் பக்கம் எட்டிப் பார்த்தார். ஏரி வற்றித்தான் கிடந்தது. ஆனால் மேற்கே மலையுச்சியில் மேகம் கருகருவென்று திரண்டுகொண்டிருந்தது. அங்கே ஒரு நல்ல மழை பிடித்தால் விடிவதற்குள் ஏரி நிரம்பிவிடும். கரையில் வெட்டு இருந்தால் கீழத்தெரு மொத்தமும் வெள்ளத்தோடு போகும்.

"மகாராஜா, மழைக்காலம் கழியட்டுமே" என்றார்.

"பார்த்தீர்களா!" என்று துள்ளினார் ராயர். "அமைச்சர் வீடு கரைக்கு நேர்கீழே இருக்கிறது. குடத்தைத் தாமே எடுத்துக்கொள்ளப் பார்க்கிறார்!"

ராஜாவின் முகம் சிவந்துவிட்டது. "நாளைக் காலையில் கரையை வெட்டுங்கள். அம்பலவாணரே, அதற்குள் வேறு இடம் காட்டினால் பார்க்கிறேன். அங்கே குடம் இல்லையென்றால் உமக்குப் பதவியும் இல்லை, இந்த ஊரில் இடமும் இல்லை."

வீட்டில் அம்பலவாணரின் மகள் பிள்ளை பெற்றுப் படுத்திருந்தாள். மனைவி சிவகாமி வாசலுக்குப் போவதும் வானத்தைப் பார்ப்பதுமாக இருந்தாள். "என்னங்க, பச்சை உடம்புக்காரியைத் தூக்கிக்கிட்டு எங்கே ஓடறது? தெருவில் எல்லாரும் உங்களைத்தான் நம்பியிருக்காங்க" என்றாள். அவருக்கு ஒரு கவளம்கூட இறங்கவில்லை. "கொஞ்சம் சும்மா இரேன்" என்று எரிந்துவிழுந்தார். பயத்தில் வந்த கோபம்தான்.

காலையில் கரைமேல் சுண்ணாம்புக் கோடு போட்டு ஆட்கள் மண்வெட்டியோடு நின்றார்கள். மேகம் பாதி வானத்துக்கு வந்துவிட்டது. அம்பலவாணர் ஒரு ஓலைக்கூடையோடு வந்து சேர்ந்தார்.

"மகாராஜா, இடம் கரை இல்லை. ஏரிக்குள்ளே மதகடியில் தோண்ட வேண்டும்."

"எதை வைத்துச் சொல்கிறீர்?"

"தங்கள் தாத்தா காலம்வரை வருஷாவருஷம் ஏரியைத் தூர் வாருவது வழக்கம். மதகடியில் முதல் கூடை வண்டலை அள்ளி அரசரே தலையில் சுமந்துவந்து கரையில் கொட்டுவார். கிரீடத்தைத் தவிர இந்த ஊர் அரசர் தலையில் ஏறியது அந்தக் கூடை ஒன்றுதான். தங்கள் அப்பா காலத்தில் அது நின்றுபோயிற்று."

"நான் சேறு சுமப்பதா!"

"ஐயையோ, கூடாது, கூடாது!" என்று ராயர் முன்னால் வந்தார். "தங்களுக்குப் பதிலாக நான் சுமக்கிறேன்!"

"தாராளமாகச் சுமக்கட்டும்" என்றார் அம்பலவாணர். "அரசனுக்கு அகப்பட வேண்டிய குடம் ராயருக்கு அகப்பட்டால் ஊரார் என்ன பேசுவார்களோ, அதுதான் யோசனை."

ராஜா வெடுக்கென்று கூடையைப் பிடுங்கிக்கொண்டான். ஏரிக்குள் இறங்கி, வண்டலை அள்ளி, பட்டு அங்கவஸ்திரத்தில் சேறு வழிய வழியக் கரையேறிக் கொட்டினான்.

வழக்கத்தில் பாதியை அமைச்சர் சொல்லவில்லை. அரசர் கூடை எடுத்துவிட்டால் அப்புறம் ஊரில் ஒருத்தரும் சும்மா நிற்கக்கூடாது. "ஏய், ராஜா கூடை எடுத்துட்டாருடோய்!" என்று ஒரு குரல் எழும்பியது. அவ்வளவுதான், கூடையும் முறமும் அண்டாவுமாக ஊரே திரண்டு வந்துவிட்டது. கரை வெட்ட நின்ற ஆட்களும் சேர்ந்து வண்டலை வாரிக் கரைமேல் கொட்டினார்கள். வெட்டுப்பட வேண்டிய கரை கிடுகிடுவென்று உயர்ந்தது.

"குடம் எங்கே?" என்றான் ராஜா.

"இன்னும் கொஞ்சம் ஆழத்தில், மகாராஜா."

இடி ஒன்று உருண்டது. அமைச்சரின் முதுகெல்லாம் வேர்வை.

"எங்கே ஐயா?"

"இன்னும் கொஞ்சம்..."

"எல்லாம் பொய், மகாராஜா!" என்று ராயர் கத்தினார். ராஜா ஆத்திரத்தில் கூடையை வீசிவிட்டு மண்வெட்டியைப் பிடுங்கி மதகடியில் ஓங்கிப் போட்டான். ணங்கென்று சத்தம்! தோண்டிப் பார்த்தால் பளபளவென்று பொன்குடம்!

"பொய் என்றீரே ராயரே, ஊரில் நான் தோண்டிய குழிகளை எல்லாம் நீரே மண் சுமந்து மூடும்!" என்று ராஜா குதித்தான். அப்போதே மழை பெரிய பெரிய துளியாக விழுந்தது. எல்லாரும் வீட்டுக்கு ஓடினார்கள்.

ராத்திரி முழுக்கக் கொட்டித் தீர்த்தது. விடிந்ததும் ராஜா தனியாகக் கரைக்கு வந்தான். ஏரி தளும்பிக்கொண்டிருந்தது. நேற்றுக் கொட்டிய புதுமண் மட்டும் இல்லையென்றால் தண்ணீர் கரைமேல் வழிந்திருக்கும். கீழே வீடுகளில் அடுப்பு புகைந்தது. எங்கோ ஒரு கைக்குழந்தை வீரிட்டு அழுதது. அமைச்சர் முன்னமே வந்து நின்றுகொண்டிருந்தார்.

"அம்பலவாணரே, உண்மையைச் சொல்லும். குடம் அங்கேதான் இருக்கிறது என்று உமக்கு நிச்சயமாகத் தெரியுமா?"

"தெரியாது மகாராஜா. மழை வரும் என்று மட்டும் தெரியும்."

"குடம் கிடைக்காமல் போயிருந்தால்?"

"நான் இந்த ஊரில் இருந்திருக்கமாட்டேன். ஊர் இருந்திருக்கும்."

ராஜா அன்றைக்கே பொன்குடத்தை அமைச்சர் வீட்டுக்கு அனுப்பிவைத்தான். அடுத்த கோடையில் யாரும் சொல்லாமலே கூடையோடு வந்து மதகடியில் நின்றான்.